குறிப்பேட்டில் ஏறிய என் கோபம்

நாமக்கல்,
சித்திரை 18

சௌபாக்கியவதி நித்யஸ்ரீக்கு அப்பா மணியன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா சென்னியம்மாளும் பண்ணைக் கோழிகளும் சௌக்கியம். திருச்செங்கோட்டில் மாப்பிள்ளை ஆனந்தகுமாரும் பேரன் நிலவனும் நீயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் போனை நீ எடுப்பதில்லை என்பதால் நம்பிக்கையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். வைகாசி 9 உன் தம்பி சபரிநாதனுக்குக் கல்யாணம். தேதி எல்லாச் சொந்தத்துக்கும் வாட்ஸ்அப்பில் போனது, உனக்கு மட்டும் போகவில்லை. மாப்பிள்ளை போன் செய்து, "ஏனுங்க மாமா, நாங்கெல்லாம் சொந்தத்துல இல்லீங்களா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதைச் செய்தது நான் இல்லை சாமி. சபரி பண்ணைக்காகப் போனில் வைத்துக்கொடுத்த ஏஐ உதவியாளர்; கல்யாண வேலையையும் அதனிடமே விட்டிருந்தோம்.

ஆரம்பத்தில் அதற்கு ஞாபகம் என்பதே கிடையாது. முட்டை ஆர்டர், தீவன லோடு எல்லாம் சுத்தமாகப் பார்க்கும், ஆனால் விடிந்தால் நான் யார் என்று கேட்கும். தினம் காலையில் மணியன், நாமக்கல், கோழிப்பண்ணை என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் சலித்துக்கொண்டதைப் பார்த்து சபரி அதற்கு ஒரு குறிப்பேடு கொடுத்தான். போனுக்குள்ளேயே இருப்பது. முக்கியம் என்று படுவதை அதுவே எழுதி வைத்துக்கொள்ளும், மறுநாள் அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் வாயில் வருவதில் எதை வைத்துக்கொள்வது, எதைக் காற்றோடு விடுவது என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முட்டை விலை இறங்கின அன்று, "பண்ணைய வித்துப்போட்டுக் காசிக்குப் போறேன்" என்றேன். விலை இறங்கினால் நான் அதைச் சொல்வேன் என்பது கோழிகளுக்கே தெரியும். இது அதை எழுதி வைத்துக்கொண்டு, தீவனக்காரர் லோடு அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, உரிமையாளர் காசி செல்வதால் தேவையில்லை என்று பதில் போட்டுவிட, அது ஊரெல்லாம் பரவி, சாயங்காலம் பண்ணையை விலைக்குப் பார்க்க மூன்று கார் வந்து நின்று, உன் அம்மா அத்தனை பேருக்கும் காபி போட்டுக்கொடுத்து அனுப்பி வைத்தாள். அடுத்தது சபரிக்குப் பெண் கொடுக்கிற சம்பந்தி அன்பழகன். முதல்முறை வந்தவரைச் சாப்பிடக் கூப்பிட்டபோது, "வேண்டாமுங்க, இப்பத்தான் சாப்புட்டேன்" என்றார். மூன்று தடவை வற்புறுத்திய பிறகு இலையில் உட்காருவதுதானே நம் பக்கத்து மரியாதை? உட்கார்ந்து நன்றாகவே சாப்பிட்டார். ஆனால் இது, "சம்பந்தி நம் வீட்டில் சாப்பிடுவதில்லை" என்று எழுதிக்கொண்டது. பெண் வீட்டார் நாற்பது பேர் நம் வீடு பார்க்க வந்த அன்று சமையல்காரரிடம் ஆள் கணக்குச் சொன்னதும் இதுதான். நாற்பது பேரும் நிற்கிறார்கள், சோறு இல்லை. அன்பழகன், "பரவாயில்லீங்க, யாருக்கும் பசியில்லீங்க" என்றார். அதையும் எழுதிக்கொண்டது.

அதெல்லாம் போகட்டும். பங்குனியில் நிலவன் காதுகுத்தில், உன் மாமனார் வீட்டார் அத்தனை பேர் முன்னால், "எங்கப்பா ஆரு சொன்னாலும் கேக்க மாட்டாருங்க" என்றாய். அது ஊருக்கே தெரிந்ததுதான், ஆனால் அதை நீ சொல்லலாமா? வீடு வந்த வேகத்தில், "இனி அவ இந்த ஊட்டுப் படி மிதிக்கக் கூடாது"ன்னு கத்திப்போட்டேன். உங்கம்மா தோசைக்கல்லை விட்டுத் திரும்பக்கூட இல்லை. முப்பது வருஷமாய் என்னைக் கேட்கிறவள், எது நிற்கும் எது போகும் என்று அவளுக்குத் தெரியும். மேஜைமேல் இருந்த போன்தான் கேட்டு எழுதிக்கொண்டது.

மாப்பிள்ளை பேசிய பிறகு கல்யாண வேலைப் பட்டியலை அதனிடம் வாசிக்கச் சொன்னேன். "இணைச்சீர்: சித்தப்பா மகள் இலக்கியா" என்றது. "எங்க நித்யா எங்க?"ன்னு கேட்டேன். நான் சொன்னதைத் தேதியோடு எனக்கே படித்துக் காட்டியது. கல்யாண மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்கிற சீர் அது. கூறைப்புடவையின் ஒரு முனை தம்பியிடம், மறு முனை அக்காவிடம் இருக்க வேண்டும். ஒரு மணி நேர பஸ் தூரத்தில் சொந்த அக்காவை வைத்துக்கொண்டு மண்டபத்தில் நான் எந்த முகத்தோடு நிற்பேன்?

ஆகவே தப்பு அதனுடையது. சொன்னதை நான் அன்றைக்கே மறந்தாயிற்று. உன் நினைப்பாகவே இருக்கிறேன் என்றெல்லாம் எண்ணிக்கொள்ளாதே. முறை கெடக் கூடாது என்பதற்காக மட்டுமே எழுதுகிறேன். மாப்பிள்ளையோடு முதல் நாளே வந்து சேரவும்.

மலைமேல் இருக்கிற அர்த்தநாரீஸ்வரர் உங்கள் மூவரையும் நோய் நொடி அண்டாமல் காக்கட்டும். உன் மாமனார் வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் உன்னைப் பற்றிய குறிப்பை அழிக்கச் சொல்லிச் சபரியிடம் போனைக் கொடுத்தேன். "ரெண்டு இருக்குதுங்கப்பா" என்றான். இரண்டாவதை வாசித்தான்: "உரிமையாளர் தினமும் காலையில், முட்டை விலை கேட்பதற்கும் முன்னால், நித்யஸ்ரீயிடமிருந்து செய்தி வந்ததா என்று கேட்கிறார். இல்லை என்றால் மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்." முதலாவதை அழித்துவிட்டு, இதையும் அழிக்கட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். முறைக்காக மட்டும் எழுதுகிறேன் என்றது பொய். சீரை இலக்கியாவே செஞ்சாலும் செஞ்சுட்டுப் போகட்டும். நீ ஊட்டுக்கு வா சாமி.