கைராசிக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் மின்சாரத்தால் இயங்குகிறது என்பது மூடநம்பிக்கை. அது இயங்குவது கைராசியால். இந்த மாபெரும் உண்மை வெளிப்பட்டது ஒரு கண் ஆஸ்பத்திரியின் டோக்கன் மேசையில்.

'லினக்ஸ் நிபுணர்' ஒருவர் அங்கே வந்து, பழைய கம்ப்யூட்டரில் தன் பென்டிரைவிலிருந்து லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை ஏற்றி, ஓட்டிக் காட்டி, கைதட்டல் வாங்கிப் போனார். மறுநாள் காலை டோக்கன் அக்கா பொத்தானை அமுக்கினார். கறுப்புத் திரை. மூலையில் ஒரு சிறு கோடு கண் சிமிட்டியது. எதிரே சொட்டு மருந்து விட்ட நோயாளிகளும் சிமிட்டினார்கள்.

நிபுணர் ஓடி வந்தார். பென்டிரைவைச் செருகிப் பொத்தானை அமுக்கினார். திறந்தது! பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அடுத்த நாளும் இதே கதை. அதற்கடுத்த நாளும்.

மேலாளர் 'உயர்மட்டக் கூட்டம்' கூட்டினார்.

"தம்பி தொட்டா திறக்குது, நீங்க தொட்டா படுத்துக்குது. என்னம்மா பண்றீங்க அதை?"

"பொத்தானைத்தான் சார் அமுக்குறேன்."

"எந்த விரலால?"

"ஆள்காட்டி விரலால சார்."

"ஆளைக் காட்டிக்குடுக்குற விரலாச்சேம்மா! மிஷின் பயப்படாதா?"

திங்கள் முதல் அந்த நாற்காலியில் 'கைராசியுள்ள' வேறொருவர் என்று ஏகமனதாக முடிவாயிற்று. அக்காவின் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த நாற்காலியை நம்பித்தான்.

மறுநாள் காலை, நிபுணர் மறந்துபோன பென்டிரைவ் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. பாவம், பிள்ளை தேடுமே என்று அக்கா அதை உருவிப் பத்திரமாக வைத்தார். பிறகு பொத்தானை அமுக்கினார். கறுப்புத் திரை. பென்டிரைவை விட்டுட்டுப் போயிட்டியே என்று நிபுணருக்குப் போன் போட்டார்.

"அக்கா, அது இருந்த இடத்துலயே இருக்கட்டும். வந்து எடுத்துக்குறேன்."

திரும்பச் செருகி அமுக்கினார். திறந்தது!

நிபுணர் வந்து திரையைப் பார்த்துத் திகைத்தார். "எப்படிக்கா?"

"உன் குச்சி இருந்தா முழிக்குது தம்பி. நீ எடுத்துட்டுப் போனா தூங்குது."

நிபுணரின் முகம் கறுப்புத் திரையாயிற்று. கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் சின்ன நிரலை உள்ளே வைக்காமல் பென்டிரைவிலேயே வைத்திருக்கிறார். பூட்டை இங்கே மாட்டிவிட்டுச் சாவியைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

"சார்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. அப்புறம் எவனும் வேலை தரமாட்டான்."

"நான் ஏன்ப்பா சொல்றேன்? எப்படி வேர்க்குது பாரு. முதல்ல தண்ணி குடி. அப்புறம் அதை உள்ள வை."

தண்ணீர் இறங்கிய வேகத்தில் வேலையும் முடிந்தது.

திங்களன்று பென்டிரைவும் இல்லை, நிபுணரும் இல்லை. மேலாளர் கண்ணெதிரே அக்கா அமுக்க, கம்ப்யூட்டர் திறந்தது.

மேலாளர் மெய்சிலிர்த்தார். "நாற்காலி உங்களுக்குத்தான்மா! ஆனா இப்பேர்ப்பட்ட கைராசியை நிர்வாகத்துக்குத் தெரியாம மறைச்சு வெச்சிருந்தீங்களே, அது குத்தம். விளக்கம் எழுதிக் குடுங்க!"

அக்கா பேனாவை எடுத்தார், ஆள்காட்டி விரலை மட்டும் மடக்கிக்கொண்டு.