மாமாவின் நாற்காலி இன்னும் காயவில்லை

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் பட்டறையில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் தலைவலி. அதற்கும் நான்தான் காரணம், கீழே வருகிறது. போனில் சொல்லிவிடு என்று அம்மா போனைக் கையில் திணித்தாள். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலியைப் பார்க்க வர வேண்டாம் மாமா. பட்டறை வேலையையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

ஒன்பதாவதோடு நின்றவளுக்கு, அதுவும் வாயே திறக்காதவளுக்கு, யார் வேலை தருவார்கள் என்று அம்மா புலம்பியபோது, "என் பட்டறைக்கு வரட்டும் அக்கா, பெயின்ட் அடிக்க வாய் எதுக்கு?" என்றீர்களே, அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களிடம் சொல்லவில்லை, வழக்கம்போல. இது இல்லையென்றால் ஆஸ்பத்திரி வாசலில் நின்று டோக்கன் நம்பரைச் சத்தமாகக் கூப்பிடும் வேலை. அம்மா பேசி வைத்துவிட்டாள். ஆனாலும் நடந்ததைக் கேளுங்கள்.

அடித்துக் காட்டச் சொல்லி நீங்கள் அனுப்பிய நாற்காலிக்கு முதல் கோட் பெயின்டை டின்னில் இருந்தபடியே அடித்தேன், கெட்டியாக இழுத்தது, பெயின்டை இளக்க நீங்கள் சொன்ன டர்பன்டைன் வாங்கப் போனேன், கடையில் ஒரே கூட்டம், கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "என்னம்மா வேணும், தின்னரா?" என்றார், தலையாட்டினேன். "பாலிஷ் வேலைக்குத்தானே?" அதற்கும் தலையாட்டினேன். "வீடு முழுக்கவா?" அதற்கும்தான். பெரிய டப்பாவாகக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் கப்பில் ஊற்றினால் கப் கையிலேயே குழைந்து, அடி கழன்று, ஊற்றிய தின்னர் மொத்தமும் அம்மாவின் புதுப் பாயில். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? டப்பாவில் இருந்த மிச்சத்தைப் பெயின்டில் கலந்து இரண்டாவது கோட் அடித்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போதே கீழே இருந்த முதல் கோட் சுருங்கிச் சுருங்கி, ஆறிப்போன பாலின் ஆடை மாதிரி எழும்பி வந்தது. பிரஷ்ஷை இழுத்த இடமெல்லாம் கூடவே வந்தது.

எதிர்வீட்டுக்காரர்கள் பார்ப்பார்களே என்று ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி வைத்திருந்தேன். வேலையிலிருந்து வந்த அப்பா உள்ளே கால் வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். "நீதான் பேச மாட்டே, எங்களையும் பேச்சுமூச்சில்லாம ஆக்கிடுவியா? திறடி ஜன்னலை!" என்று கத்தினார். திறந்தேன். எதிர்வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள்.

சுருங்கியதைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். கடைக்குப் போய் "நீங்க கொடுத்தது தப்பு" என்று சொல்ல என்னால் முடியுமா? அவர் தப்பாகவும் கொடுக்கவில்லை, நான்தானே தலையாட்டினேன். அதனால் அப்பா சைக்கிள் செயின் துடைக்க வைத்திருந்த மண்ணெண்ணெயைக் கலந்தேன். ஐயோ மாமா, என்ன வழவழப்பு! பிரஷ் வழுக்கிக்கொண்டு ஓடியது, ஒரு கோடு தெரியவில்லை. அம்மாகூட "இப்பதான் உருப்படியா இருக்கு" என்றாள். அன்றைக்குக் காயவில்லை. மறுநாள் காயவில்லை. ஃபேனுக்கடியில் வைத்தேன், தூசிதான் ஒட்டியது. வெயிலில் வைத்தேன், எறும்பு ஒன்று ஏறிப் பாதி வழியில் நின்றுவிட்டது. தொட்டால் விரல் அச்சு அப்படியே விழுகிறது. இந்த வாரம் முழுக்க அது எங்கள் வீட்டுக் கூடத்தில் பளபளவென்று ஈரமாக நிற்கிறது, நாங்கள் மூவரும் அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறோம்.

பிரஷ்ஷைப் பற்றிக் கேட்க வேண்டாம். தின்னரிலேயே ஊறப் போட்டு மறந்துவிட்டேன், இப்போது வெறும் கட்டைதான் இருக்கிறது.

ஒரு நாற்காலிக்கே இவ்வளவு என்றால் உங்கள் பட்டறை என்ன ஆகும்? டோக்கன் வேலைக்கே போகிறேன். கூப்பிடுவது யாருக்கும் கேட்காது, ஒரு வாரத்தில் அவர்களே அனுப்பிவிடுவார்கள்.

அத்தையிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்கள் கையால் செய்கிற எல்லாம் நன்றாகவே காயட்டும்.

உங்கள் மருமகள்.

பின்குறிப்பு: இதை முதலில் படியுங்கள், தயவுசெய்து எழுந்திருக்காதீர்கள். கடிதத்தைத் தபாலில் போட வெட்கப்பட்டு வைத்திருந்தேன், நீங்கள் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டீர்கள். "அடேயப்பா, என்ன பளபளப்பு!" என்று நீங்கள் உட்காரப் போனபோது, வேண்டாம் மாமா என்று நான் கத்தினேன், மனதுக்குள். அது உங்களுக்குக் கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டீர்கள். நீங்கள் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது பின்வாசல் வழியாகக் கடைக்கு ஓடினேன். இன்றும் கூட்டம்தான். "டர்பன்டைன் கொடுங்க. தின்னர் இல்ல, மண்ணெண்ணெய் இல்ல, டர்பன்டைன்!" என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது. பாட்டில் என் கையில் இருக்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, பழைய துணி எடுத்து வைத்திருக்கிறேன். அம்மா இந்தக் கடிதத்தை டீயோடு கொண்டுவருவாள், நான் பின்னாலேயே வருகிறேன். பேன்ட்டின் ஓரத்தில் ஒரு துளி டர்பன்டைன் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒட்டிய இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுக்கிறேன். வேலை வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்வதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். உட்கார்ந்தபடியே சொன்னால் போதும்.