இரண்டு பக்கமும் வேலை செய்த சிபாரிசு

மனித உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் முழு உடம்புக்குமான சட்டப் புத்தகம் ஒன்று இருக்கிறது. ஈரல் கலத்திலும் அதே புத்தகம்தான், கண் கலத்திலும் அதே புத்தகம்தான். ஆனால் ஈரல் தனக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் படியெடுத்து வேலை பார்க்கிறது. மற்றதைச் சுருட்டி மூடிவிட்டுப் பேசாமல் இருக்கிறது. அதனால்தான் யாருக்கும் ஈரலில் இமை முளைப்பதில்லை. 1986இல் சூரிச்சில் ஒரு பேராசிரியர் இதைப் படம் போட்டு விளக்கியபோது, முன்வரிசையில் இருந்து வாய் பிளந்து கேட்டவர் ஹெர் ஏக்லி. கன்டோன் என்கிற மாநில அரசின் கந்தோர் ஒன்றில் வெளிநாட்டார் பிரிவுக்கு அவர்தான் தலைவர்.

ஹெர் ஏக்லி காலத்தோடு ஓடுகிற மனிதர். போன வருஷம் ஜப்பான்காரரின் நிர்வாக முறைதான் உலகை ஆளப்போகிறது என்று யாரோ சொல்ல, அலுவலர்களைக் காலையில் வட்டமாக நிறுத்திக் கைதட்ட வைத்தவர். இந்த வருஷம் அந்தப் பக்கங்கள், அதாவது மரபணு. அடுத்த திங்கட்கிழமையே சுற்றறிக்கை வந்துவிட்டது: "இன்று முதல் இக்கந்தோர் ஒரு மனிதக் கலமாக இயங்கும் என்பதைச் சகலருக்கும் இத்தால் அறியத்தருகிறோம்."

அந்தக் கலத்துக்குள் போய் மாட்டியவர் குலேந்திரன். ஷ்லீரனில் ஒரு தொழிற்சாலைக் கன்டீனில் கோப்பை கழுவுகிறவர். அகதியாக அவர் முதலில் வந்தார். மனைவி சிவகலா வயிற்றில் பிள்ளையோடு பின்னால் வந்தார். வந்தவரை ரெனானில் கொண்டுபோய் விட்டார்கள். ரயிலில் ஒரு குட்டித் தூக்கம் போடுகிற தூரம்தான், ஆனால் வேறு கன்டோன். அனுமதியில்லாமல் அசைய முடியாது. பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் குலேந்திரன் கேட்டது. நாள் நெருங்க நெருங்க அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"நான் கேக்கிறது சட்டத்தில இருக்கோ எண்டு கேளும்," என்றார், மொழிபெயர்க்க வந்த யேசுதாசனிடம்.

ஹெர் ஏக்லி அலமாரியை அன்போடு பார்த்தார். "இருக்கிறது. கணவனும் மனைவியும் ஒரே கன்டோனில் வாழலாம் என்று ஒரு முழுப் பக்கமே இருக்கிறது."

"அப்ப தரலாமே?"

"இருப்பது வேறு, வாசிக்கப்படுவது வேறு. அந்தப் பக்கம் இந்தக் கலத்தில் மூடியிருக்கிறது. உங்கள் மூக்கிலும்தான் ஈரலின் பக்கம் இருக்கிறது. மூக்கு அதை வாசிக்கத் தொடங்கினால் உங்கள் கதி என்ன?"

குலேந்திரன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மேலும், பக்கத்தின் தலைப்பில், அதை வாசிக்கவிடாமல் ஓர் அடக்கி இருக்க வேண்டும். ஃப்ராவ் மோசர் அப்பதவிக்கு நியமனம் பெற்றிருக்கிறார்."

ஃப்ராவ் மோசர் என்கிற பெண்மணி உண்மையாகவே அந்தப் பக்கம் இருந்த கோப்பின்மேல் உட்கார்ந்து கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷ சேவையில் தன் திறமைக்கு ஏற்ற பதவி இப்போதுதான் கிடைத்தது என்ற நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது.

"அப்ப என்னதான் செய்யிறது?"

"ஊக்கி வேண்டும்!" ஹெர் ஏக்லி எழுந்தே விட்டார். "அது மரபணுவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றில்லை. எட்டத்தில் இருந்தாலும் போதும். முன்னுக்கு வைத்தாலும் பின்னுக்கு வைத்தாலும், திசையைத் திருப்பி வைத்தாலும் வேலை செய்யும். ஊக்கி இருந்தால் படியெடுப்புப் பறக்கும்!"

மொழிபெயர்க்க வாயெடுத்த யேசுதாசன் கொஞ்சம் யோசித்தார். "அண்ணை, ஒரு சாமானாம். எங்கயோ தூரத்தில இருக்குமாம். ஆனா அது இருந்தாத்தான் காரியம் ஓடுமாம்."

குலேந்திரனின் முகம் மலர்ந்தது. "சிபாரிசு எண்டு சொல்லுமன் ஐசே! இதுக்கேன் இவ்வளவு சுத்து?"

"ஓம் அண்ணை, அதுதான். ஆனா இஞ்ச அது விஞ்ஞானம்."

ஊரில் எம்.பி.யின் மச்சானைப் பிடிக்காமல் ஒரு தெருவிளக்குக்கூட எரியாது. அந்தக் கேவலம் இல்லாத நாடு என்று நம்பித்தான் குலேந்திரன் இங்கே வந்தார். அது கேவலமே இல்லை, இயற்கை என்று இப்போது தெரிந்ததில் அவருக்குப் பெரிய ஆறுதல்.

"ஊக்கி நல்ல இடத்து ஆளாய் இருக்கவேணுமோ எண்டு கேளும்."

"வைரஸ் கிருமியில் இருந்து எடுத்த ஊக்கிகூட மனிதக் கலத்தில் அருமையாக வேலை செய்கிறது," என்றார் ஹெர் ஏக்லி.

"அப்ப தம்பித்துரை அண்ணை தாராளமாய்க் காணும்."

தம்பித்துரை ஜெனீவாவில், பெரிய சர்வதேசக் கட்டடம் ஒன்றில் கம்பளம் கூட்டுகிறவர். அந்தக் கம்பளத்தில் எந்தெந்த நாட்டு மந்திரிகள் நடந்தார்கள் என்பதைத் தன் சொந்தப் பதவிபோலச் சொல்லுவார். குலேந்திரன் அழாக்குறையாகக் கேட்டதும், கட்டடத்துக்குள் இருந்தே ஹெர் ஏக்லிக்கு ஒரு போன் போட்டார். "ஜெனீவா இந்தக் குடும்பத்தைக் கவனித்துக்கொண்டிருக்கிறது," என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஜெனீவாவில் யார் என்று ஹெர் ஏக்லி கேட்கவில்லை. ஊக்கி தூரத்தில் இருந்தது. விஞ்ஞானத்துக்கு அது போதும்.

ஃப்ராவ் மோசர் எழுப்பப்பட்டார். பக்கம் திறந்தது. குலேந்திரனை ரெனானுக்கு மாற்றும் அனுமதி கைக்கு வந்ததும் மனிதர் அழுதே விட்டார். கன்டீனில் எல்லாரையும் கட்டிப் பிடித்துவிட்டு, பெட்டியோடு ரெனான் போய் இறங்கிக் கதவைத் தட்டினார். திறந்தவர் ஒரு துருக்கிக்காரர்.

சிவகலாவும் தன் பங்குக்கு, அவருக்குச் சொல்லாமல், அதே கந்தோரில் ஷ்லீரனுக்கு மாறக் கேட்டிருந்தார். அதே பக்கம், அதே ஊக்கி. அவர் அன்று காலைதான் ஷ்லீரனுக்கு ரயில் ஏறியிருந்தார்.

"ஊக்கி ரெண்டு திசையிலயும் வேலை செய்யும் எண்டு ஹெர் ஏக்லி முதலே சொன்னவராம்," என்றார் யேசுதாசன் போனில். "முடிவு பிரமாதமாம். பேராசிரியருக்கும் எழுதப்போறாராம்."

"ஐயோ, ஒண்டையாவது பழையபடி மாத்தச் சொல்லும்!"

"பக்கத்தை மூடியாச்சாம் அண்ணை. ஃப்ராவ் மோசர் திரும்பக் கோப்புக்கு மேல ஏறி இருந்திட்டாவாம்."

பெண் பிள்ளை பிறந்தது. கண் கண்ணின் இடத்தில், மூக்கு மூக்கின் இடத்தில், எந்தக் கந்தோரையும் கேளாமல் எல்லாம் சரியாக வந்திருந்தது. குலேந்திரன் ரெனான் போன் கூண்டுக்குள் நின்று பிள்ளையின் அழுகையைக் கேட்டார். கந்தோரைத் திட்டினார், தம்பித்துரையைத் திட்டினார், தன்னையும் திட்டினார்.

ஆனால் ஒரே போனில் இரண்டு கன்டோன் மாற்றம் நடந்த செய்தி அதற்குள் இங்குள்ள தமிழருக்குள்ளெல்லாம் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தால் வாசலில் வரிசை நிற்கிறது. முன்னுக்கு நின்றவர் வரதராசா என்கிற புது ஆள்.

"அண்ணை, என்ரை மனிசி பேர்னில நிக்கிறா. உங்கட ஊக்கி எனக்கும் ஒருக்காக் கதைச்சுவிடுவாரோ?"

"அது ரெண்டு பக்கமும் வேலை செய்யும் தம்பி. என்ரை பிள்ளையின்ரை முகத்தை நான் இன்னும் பாக்கேல்லை."

"பரவாயில்லை அண்ணை. வேலை செய்யுதுதானே, அது காணும்."

குலேந்திரன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அழுதுவிடுவார் போலத்தான் இருந்தது. பிறகு வரிசை எவ்வளவு தூரம் நிற்கிறது என்று எட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நேர அவரிட்டப் போகேலாது," என்றார். "முதல்ல என்னைப் பிடிக்கவேணும்."