கோட்டோரத்தில் ஒரு கண்டக்டர்

பஸ்ஸை ஓட்டுவது யார் என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட டிரைவர் என்று சொல்லும். குழந்தைதானே, மன்னித்துவிடலாம். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். விசில் என்னிடம் இருக்கிறது. ஒன்று அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். நான் அடிக்காமல் ஒரு டிரைவர் வண்டியை நகர்த்தினால் அன்று சாயங்காலம் டிப்போவில் பஞ்சாயத்து நடக்கும். (நடந்திருக்கிறது. அந்த டிரைவர் அதற்கப்புறம் என்னோடு டீ குடிப்பதையே விட்டுவிட்டார்.) விழுப்புரம், திண்டிவனம் ரூட்டில் இப்படி ராஜாங்கம் நடத்திய ஒருவனைப் பிடித்து, கையில் ஒரு கொடியைக் கொடுத்து, "நீங்க உதவி மட்டும் பண்ணுங்க" என்று சொன்னால் என்ன ஆகும்? அதைத்தான் சொல்லப்போகிறேன். நான் சொல்லாவிட்டால் என் பெண்டாட்டி மகேஸ்வரி சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் மசாலா தூக்கலாக இருக்கும்.

மகேஸ்வரியின் ஒரே தம்பி தணிகைவேல். ஒரு தனியார் பள்ளியில் பி.டி. வாத்தியார், அதோடு மாவட்ட அளவில் கால்பந்து நடுவர். மாநில அளவுக்குப் போக வேண்டுமானால் மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்து, இவன் நடத்துகிற ஆட்டத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்து மார்க் போட வேண்டும். தணிகை இதில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தான். இரண்டு முறையும் ஒரே காரணம்தான், இளகின மனசு. ஆட்டக்காரன் எவனாவது வந்து முறைத்தால் இவன் நின்று நிதானமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பான். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாவது தடவை குழம்பு கேட்கக் கூச்சப்பட்டு ரசத்துக்குப் போய்விடுகிற பையன் அவன். அவனைச் சிவப்பு அட்டை காட்டு என்றால் எப்படிக் காட்டுவான்? வயது வரம்பு வேறு நெருங்கிவிட்டது. மூன்றாவது முறைதான் கடைசி முறை. இதுவும் போனால் ஆயுசுக்கும் அரை டிராயர் பையன்களின் ஆட்டத்துக்குத்தான் ஊதிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த மூன்றாவது முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. திண்டிவனத்தில் இறுதி ஆட்டம், விழுப்புரம் அணிக்கும் திண்டிவனம் அணிக்கும். காலையில் தணிகை போன் செய்தான். நடுவருக்கு உதவியாகக் கோட்டோரம் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் கொடியோடு ஓட வேண்டும். அதில் ஒருவருக்கு மெட்ராஸ் ஐ. கண்ணும் கொடியும் ஒரே சிவப்பாக இருக்கிறதாம். பாண்டிச்சேரி வரைக்கும் ஆள் தேடிப் பார்த்தும் எவனும் சிக்கவில்லை. எனக்கோ அன்று வார ஓய்வு. போன வருஷம் தணிகைக்குத் துணையாக ஒருநாள் நடுவர் பயிற்சி வகுப்புக்குப் போய், பிரியாணிக்காகக் கடைசிவரை உட்கார்ந்திருந்து ஒரு சர்டிபிகேட்டும் வாங்கி வைத்திருந்தேன். ஆக, சட்டப்படி நான் தகுதியானவன். (சட்டத்தில் இப்படிச் சில ஓட்டைகள் உண்டு.)

பஸ்ஸில் போகும்போதே தணிகை பாடம் எடுத்தான். பந்து கோட்டைத் தாண்டினால் கொடி. ஒருவன் பந்தைத் தன் ஆளுக்கு உதைக்கிற நொடியில், அந்த ஆள் எதிரணியின் கடைசி இரண்டு பேரில் முன்னால் நிற்பவனையும் தாண்டி கோல் பக்கம் நின்றால் ஆஃப்சைடு, அதற்கும் கொடி. உதைப்பவனையும் பார்க்க வேண்டும், நிற்பவனையும் பார்க்க வேண்டும். இது என்ன பிரமாதம்? முன்படியையும் பின்படியையும் ஒரே நேரத்தில் பார்ப்பதுதானே என் பிழைப்பு என்றேன். அவன் முகத்தில் தெளிவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோது என் கழுத்தையே பார்த்தான்.

"மாமா, விசிலு எதுக்கு மாட்டிக்கினு வர்றீங்க?"

விசில் இல்லாமல் கழுத்து காலியாக இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். சட்டைக்குள்தானே கிடக்கிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன்.

"நீங்க கொடி மட்டும் தூக்குங்க. அத பாத்துட்டு ஊதறதா வேணாமான்னு நான் முடிவு பண்ணுவேன். இன்னிக்கு எனக்கு கடைசி சான்ஸு மாமா."

சரிப்பா, சரிப்பா என்று தலையாட்டினேன். மனசுக்குள் நான் போட்ட கணக்கு வேறு. நடுவர் என்பவர் டிரைவர், நடுவில் ஓடிக்கொண்டிருப்பார். ஓரமாக நின்று உள்ளே யார், வெளியே யார் என்று பார்க்கிறவன் கண்டக்டர். இதில் யாருக்கு யார் உதவி என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

மைதானத்தில் நல்ல கூட்டம். மெட்ராஸ்காரர் வெள்ளைத் தொப்பியோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் நான்காவது நடுவர், முழங்கால் வலிக்காரர் என்பதால் அவருக்கு உட்கார்ந்த இடத்து வேலை. எனக்குக் கொடுத்த கறுப்புச் சட்டை வயிற்றில் பிடித்தது. இருந்தாலும் கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒரு மிடுக்கு வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அதுதான் வினையாகிவிட்டது. அடைசலான பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனை முழியை வைத்தே கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, ஆஃப்சைடில் நிற்கிறவன் தப்புவானா? நான் கொடி தூக்கினேன், தணிகை ஊதினான். மறுபடி தூக்கினேன், மறுபடி ஊதினான். தூரத்திலிருந்து எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக்கூடக் காட்டினான். போதாதா? எனக்குத் தலைக்கு மேல் ஒரு அடி கூடிவிட்டது.

பிறகு கூட்டம் நெருக்க ஆரம்பித்தது. திண்டிவனத்துக்காரர்கள் கோடு வரைக்கும் வந்து நின்றுகொண்டு நான் ஓடுகிற வழியை அடைத்துவிட்டார்கள். பாதிப் பேர் என் பஸ்ஸில் தினமும் ஏறுகிறவர்கள். கண்டக்டர் கண்டக்டர் என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். நெரிசலைப் பார்த்ததும் என் வாய் தன்னால் திறந்துகொண்டது.

"உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல எடம் காலியாத்தான் கெடக்குது."

போய்விட்டார்கள். என்ன பவ்யம் என்கிறீர்கள். பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்தினாலும் படியை விட்டு அசையாத ஜனங்கள், அன்றைக்கு ஒரே சொல்லுக்குக் கட்டுப்பட்டு மைதானத்துக்குள் போய் நின்றார்கள். ஒருவர் மிதிவண்டியையும் தள்ளிக்கொண்டு போனார். ஆட்டம் நின்றது. தணிகை ஓடிவந்து எல்லாரையும் கும்பிட்டுக் கும்பிட்டு வெளியே அனுப்பினான். மெட்ராஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். இடைவேளையில் தணிகை எனக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, ஜனங்களை உள்ளே மட்டும் கூப்பிடாதீர்கள் மாமா என்று கெஞ்சினான். கோபப்படக்கூடத் தெரியவில்லை பாவம். இவன் எங்கே தேறப்போகிறான் என்று எனக்கே வருத்தமாகப் போய்விட்டது.

இரண்டாம் பாதி தொடங்கியும் இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. என் பக்கக் கோட்டிலிருந்து திண்டிவனத்துப் பையன் ஒருவன் பந்தைக் கையால் நெடுந்தூரம் எறிந்தான். அந்தப் பக்கம் அவர்களுடைய பத்தாம் நம்பர் பையன், கோல்கீப்பரைத் தவிர விழுப்புரத்து ஆட்கள் அத்தனை பேரையும் தாண்டித் தன்னந்தனியாக நிற்கிறான். எவ்வளவு துணிச்சல். கொடியை வானத்துக்கு உயர்த்தினேன்.

தணிகை என்னைப் பார்த்தான். கொடியைக் கீழே இறக்கு என்று கையைக் காட்டிவிட்டு அவன் பாட்டுக்கு ஓடினான்.

கோட்டிலிருந்து கையால் எறிகிற பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது என்பது விதி. பயிற்சி வகுப்பில் அதைச் சொன்னார்கள்தான். ஆனால் அந்தப் பாடம் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது, என் கவனம் முழுக்க அண்டாவில் இருந்தது. ஆகவே எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நான் நிறுத்தச் சொல்கிறேன், டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறான். என் சர்வீஸில் இப்படி ஒரு அவமரியாதையா? அதுவும் என் சொந்த மச்சினன். கொடியை ஆட்டினேன், குதித்தேன். அந்தப் பத்தாம் நம்பர் கோல்கீப்பரையும் ஏய்த்துவிட்டு, காலியான கோலுக்கு முன்னால் காலைத் தூக்கிவிட்டான். என் கை சட்டைக்குள் போனது எனக்குத் தெரியாது. சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

ஊதினேன் என்றால் அப்படி ஒரு ஊதல். மேல்மருவத்தூரில் ஒரு பஸ் நின்றிருக்கும்.

எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பத்தாம் நம்பர் காலை இறக்கினான். கீப்பர் தரையில் உட்கார்ந்தான். தணிகை தன் கையிலிருந்த விசிலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அடுத்த நொடி மொத்தத் திண்டிவனமும் என் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு விசாரிக்க ஆரம்பித்தது.

தணிகை என்னை நோக்கி நடந்து வந்தான். நான் மெதுவாகச் சிரித்து வைத்தேன். குடும்பத்துக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிற சிரிப்பு. அவன் எதிரில் வந்து கையை நீட்டினான்.

"சார், கொடிய குடுங்க."

சாரா? எனக்குக் கல்யாணம் ஆன நாள் முதல் மாமா என்பதைத் தவிர அந்த வாயிலிருந்து வேறு சொல் வந்ததில்லை.

"தணிகை, நான் உங்க அக்கா புருஷன்டா."

"தெரியும் சார். கொடிய குடுத்துட்டு வெளிய போங்க."

நீட்டிய கையை அவன் மடக்கவில்லை. கொடியைக் கொடுத்தேன். முழங்கால் வலிக்காரர் நொண்டிக்கொண்டே வந்து அதை வாங்கிக்கொண்டார். ஊரே கைதட்டியது. எனக்கா அவருக்கா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலிக்கு வெளியே வேகவைத்த மல்லாட்டை (எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பேர்) விற்கிற ஒரு அம்மாவின் தள்ளுவண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்தது. அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா கண்டக்டரே, பாதியிலயே எறக்கி வுட்டுட்டாங்களா" என்று கேட்டு ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்தார்.

அங்கிருந்துதான் மீதி ஆட்டத்தைப் பார்த்தேன். திண்டிவனம் ஆட்கள் தணிகையைச் சூழ்ந்துகொண்டு கோல் கொடு என்று கத்தினார்கள். வழக்கம்போல விளக்கம் சொல்ல ஆரம்பிக்கப்போகிறான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நெஞ்சில் கை வைத்துத் தள்ளியவனுக்கு மஞ்சள் அட்டையைக் காட்டினான், மற்றவர்களைக் கண்ணாலேயே நகர்த்தினான், பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டான். சொந்த மாமனையே வெளியே அனுப்பியவனிடம் யார் வாயைக் கொடுப்பார்கள்? அடப்பாவி, குழம்பு கேட்கத் தெரியாத பையனா இவன் என்று அழுகைக்கு நடுவிலும் எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசியில் அதே பத்தாம் நம்பர் ஒரு கோல் போட்டுத் திண்டிவனம் ஜெயித்தது. இல்லையென்றால் நான் அன்றைக்கு ஊர் எல்லையைத் தாண்டியிருக்க மாட்டேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். விக்கிரவாண்டி வந்ததும் தணிகை மெல்ல வாயைத் திறந்தான்.

"மாமா, அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு பயமா இருக்குது."

சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. யாரோ எடுத்த வீடியோ எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மகேஸ்வரி வாசலில் நின்று, ஏன்டா என் புருஷனையா வெளியே அனுப்பினாய் என்று தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்புறம் அவள் உள்ளே போய், அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

தணிகை தேறிவிட்டான். மெட்ராஸ்காரரே போனில் கூப்பிட்டுச் சொன்னாராம். ஆட்டம் சுமார்தான், ஆனால் தவறு செய்த உதவி நடுவரை உறவு என்றும் பாராமல் நீக்கிய அந்த ஒரு இடத்துக்காகவே தேர்ச்சி கொடுத்தேன் என்று. போன இரண்டு தடவையும் அவன் ஏன் தோற்றான் என்று யோசித்துப் பாருங்கள். நான் இல்லாததால்தான். இதை நான் சொன்னால் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. திண்டிவனம் ரூட்டில் போகிறவன் வருகிறவனெல்லாம் என்னைப் பார்த்துக் கொடி ஆட்டுகிற மாதிரி கைக்குட்டையை ஆட்ட ஆரம்பித்ததால், டிப்போவில் கெஞ்சிக் கூத்தாடிக் கண்டாச்சிபுரம் ரூட்டுக்கு மாற்றிக்கொண்டேன். ரூட்டை மாற்றலாம், குடும்பத்தை மாற்ற முடியுமா? அன்றிலிருந்து நான் எதிலாவது கொஞ்சம் அதிகமாக மூக்கை நுழைத்தால் போதும், யாராவது கையை நீட்டி "சார்" என்பார்கள். என் பெண் டி.வி. ரிமோட்டை அப்படித்தான் வாங்குகிறாள். மகேஸ்வரி கரண்டியை அப்படித்தான் வாங்குகிறாள். உலகத்தில் மரியாதை கூடக் கூட மானம் போகிற ஒரே ஆள் நான்தான்.

போன தை மாதம் தணிகைக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அக்கா புருஷன், மேடையில் எனக்கில்லாத உரிமையா? போட்டோக்காரரை நகர்த்தினேன், பெண்வீட்டாரை வரிசைப்படுத்தினேன், ஐயருக்குத் தேங்காய் எடுத்துக் கொடுத்தேன். தணிகை தாலியைக் கையில் வாங்கிவிட்டான். ஐயர் இன்னும் ஏதோ மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கு நேரமாவதாகப் பட்டது. மேளக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தி, கெட்டிமேளம் என்று நானே குரல் கொடுத்துவிட்டேன்.

மேளம் தொடங்கி, தடுமாறி, நின்றது. தணிகை குனிந்த தலை நிமிராமல், தாலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் பக்கம் நீட்டினான்.

"சார்."

மணப்பெண்ணுக்குக் கதை ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. நாத்தனார் முடிச்சுப் போட வேண்டிய மகேஸ்வரி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் மேடையிலிருந்து இறங்கிய பிறகுதான் கெட்டிமேளம் முறைப்படி கொட்டியது. ஆல்பத்தில் தாலி கட்டுகிற படத்தில் மாப்பிள்ளை, பெண், ஐயர் உட்பட அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். பார்க்கிறவர்களெல்லாம் எவ்வளவு சந்தோஷமான குடும்பம் என்கிறார்கள். அந்தப் படத்தில் நான் மட்டும் இல்லை.