மச்சானுக்கு முதலாம் இடம்

இந்த முறை மச்சான் என் கட்டிலில் படுக்கக் கூடாது. ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற எசன் நகரத்து ட்ராம் நிறுத்தத்தில், சாட்சிக்கு ஆளில்லாத நேரமாகப் பார்த்து இந்தச் சபதத்தை எடுத்தேன்.

மச்சான் என்றால் என் மனைவி சுந்தரேஸ்வரியின் தமையன் பிரதாப். கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கிறார். அங்கே இருக்கும்வரை நல்ல மனிதர்தான். எங்கள் வீட்டுக்கு வந்தால் நாரி நோகிறது, இடுப்பை நிமிர்த்த ஏலாது என்று என் கட்டிலைப் பிடித்துக்கொள்வார். நான் சோபாவுக்குப் போவேன். அந்தச் சோபா என் முழங்காலோடு முடிந்துவிடும். மச்சான் விடிய எழும்பி, காற்று மாறவேண்டும் என்று பனிக்காலத்திலும் எல்லா ஜன்னலையும் திறப்பார். பிறகு குப்பை வாளிக்குள் கையை விட்டு, நான் பிழையான வாளியில் போட்ட தேயிலைப் பையை எடுத்து, என் முகத்துக்கு முன்னால் ஆட்டியபடி சூழலைப் பற்றி உரை நிகழ்த்துவார். ஜெர்மன்காரர்களே பார்த்தால், கொஞ்சம் இளைப்பாறுங்கள் ஐயா என்பார்கள்.

இவர்தான் கார்ல்ஸ்ரூஹே தமிழ் மாணவர் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர். நான்தான் தமிழ் மாணவர் கிண்ணத்தின் பங்கீட்டுக் குழுத் தலைவர். கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன்.

பங்கீடு லேசுப்பட்ட வேலையல்ல. பதினாறு அணிகள், நான்கு பிராந்தியங்கள். எசன், எர்லாங்கன், பிறேமன், பெர்லின். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் பிரிக்கிற மாதிரித்தான் நாங்களும் பிரிப்போம். முதலில் அணிகளைப் பலத்தின்படி வரிசைப்படுத்துவோம். முன்னால் நிற்கிற நான்கும் பிராந்தியத்துக்கு ஒன்றாகப் போகும். முதலாம் இடத்து அணிக்கு இரண்டு சலுகை. அதன் ஊருக்குக் கிட்டிய பிராந்தியம் கிடைக்கும். எதிரே ஆகக் கடைசி அணி வந்து நிற்கும். வரிசையின் வாலில் இருப்பவர்களுக்கு மிச்சம் கிடக்கிற இடம். பிராந்தியத்தில் வெல்கிற அணி இறுதிச் சுற்றுக்கு எசனுக்கு வரும். வருகிறவர்கள் எங்கள் ஆட்களின் வீடுகளில்தான் தங்குவார்கள். சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஒருவர் ஹோட்டலில் அறை எடுத்தால் அந்த இரண்டு குடும்பங்களும் அதற்குப் பிறகு ஒன்றோடொன்று கதைக்காது.

இதையெல்லாம் ஒவ்வொரு இரவும் சாப்பாட்டு மேசையில் மனைவிக்கு விளக்கினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு எனக்குப் புட்டு வைப்பாள். ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மச்சானின் அணி எந்த வருடமும் முதல் ஆட்டத்தைத் தாண்டியதில்லை. வரிசையில் அது வாலில்தான். போட்டுப் பார்த்தால் மிச்சம் கிடந்த இடம் எசன். எனக்கு வியர்த்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் சமையலில் இருந்த மனைவி கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, அண்ணா எங்க விளையாட வாறார்?"

"அது குழு முடிவு. சொல்ல ஏலாது."

"கடைசி ரீமா எண்டாலும் எசனுக்கே போட்டு விடுங்கோ. முதலாம் இடம் மட்டும் குடுத்திடாதேங்கோ. பிறகு கிட்ட எண்டு எர்லாங்கனுக்கு அனுப்பிப்போடுவியள். நான் அண்ணாவைப் பாக்க ஏலாமல் போயிடும்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அட, முதலாம் இடம்!

குழுக் கூட்டத்தில் எழும்பி நின்று முழங்கினேன். கார்ல்ஸ்ரூஹே இந்த வருடம் பயிற்சி ஆட்டம் ஒன்றிலும் தோற்கவில்லை என்றேன். யாரோடு விளையாடினார்கள் என்று நல்லகாலம் ஒருவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு. குழுவில் மற்ற இருவருக்கும் ட்ராமுக்கு நேரமாகிவிட்டது, கையைத் தூக்கிவிட்டுப் போய்விட்டார்கள். கார்ல்ஸ்ரூஹே முதலாம் இடம். பிராந்தியம் எர்லாங்கன்.

மச்சான் தொலைபேசியில் நாத்தழுதழுத்தார். தன் திறமையைக் கண்டுபிடித்த ஒரே மனிதன் நான்தான் என்றார். எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது.

மனைவியிடம் கம்பீரமாகச் சொன்னேன். "விதி விதிதான் சுந்தரி. அதில சொந்தம் பந்தம் பாக்க ஏலாது."

அவள் பெருமூச்சு விட்டாள். அன்றைய இறைச்சிக் கறி வழக்கத்தைவிட ருசியாக இருந்தது. அப்போதாவது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எர்லாங்கனில் ஆட்டங்கள் நடந்த ஞாயிறு முழுக்க என் கட்டிலில் குறுக்காகப் படுத்திருந்தேன். இடது பக்கம் உருண்டேன். வலது பக்கம் உருண்டேன். எல்லாம் என் நிலம். மாலையில் தொலைபேசி அடித்தது.

"வெண்டிட்டம் மச்சான்!" என்றார் பிரதாப். முதல் ஆட்டத்தில் எதிரணிக்கு மொத்தமே ஐந்து பேராம். அதில் ஒருவன் செருப்போடு வந்தானாம். அடுத்து வந்த அணியில் பாதிப் பேருக்குக் காய்ச்சலாம். பிராந்தியக் கிண்ணம் கையிலாம். இறுதிச் சுற்று பிங்ஸ்ரன் பண்டிகையின் நீண்ட விடுமுறையில் என்பதால் முதல் நாளே வந்து, லீவு முடியும்வரை நிற்பாராம்.

நான் எழும்பி வரவேற்பறைக்கு ஓடினேன். அங்கே சோபாவில் மனைவி இஸ்திரி போட்ட விரிப்பை விரித்து முடித்திருந்தாள்.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் படிப்பிச்சனீங்கள், முதலாம் இடத்து ரீமுக்கு எதிரா ஆகக் கடைசி ரீமைத்தான் விடுறது, வெல்லுற ரீம் எசனுக்கு வரும் எண்டு. கடைசி ரீமா இஞ்ச வந்திருந்தா முதல் மாட்ச்சிலயே தோத்துப்போய் அண்டு பின்னேரமே அண்ணா ரயில் ஏறியிருப்பார். ஒரு நேரச் சோறு குடுக்கவும் கிடைச்சிராது."

"அப்ப அண்டைக்கு அழுதது?"

"வெங்காயம் வெட்டினனான்."

சொல்லிக்கொண்டே படுக்கையறைக்குப் போனாள். கட்டிலில் இருந்த என் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் தந்தாள்.

"விதி விதிதானேயப்பா. முதலாம் இடத்துக்குக் கட்டில். உங்களுக்கு மிச்சம் கிடக்கிற இடம்."