லைசன்ஸ் வந்த பிறகு கொடுத்த டெஸ்ட்

ஒன்றை அடைவதற்கு முன்னால் மனிதன் செய்கிற கோமாளித்தனங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அடைந்த பிறகு செய்கிறவற்றைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. எனக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது. திறக்கிறேன்.

ஐம்பதை நெருங்கும் வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு வேலை. அடுகோடியில் எங்கள் தெருவுக்கே கம்பெனி பஸ் வந்துவிடும். ஆகவே கார் ஓட்ட வேண்டிய அவசியம் துளியும் இல்லை. ஆனால் வருடாவருடம் டைரியின் முதல் பக்கத்தில் 'கார் ஓட்டக் கற்க வேண்டும்' என்று எழுதுவேன். அதை நல்ல கையெழுத்தில் எழுதுவதோடு அந்த வருடத்து முயற்சி முடிந்துவிடும். ஒரு வருடம் என் மனைவி உமா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். (சிரிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

தினமும் காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் சிவப்பு 'எல்' ஒட்டிய கார் வந்து நிற்கும். சொல்லித்தருகிற மஞ்சுநாத் இடப்பக்கம் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் காலை வைத்தபடி, உயிருக்குப் பயப்படாதவர் போல நடிப்பார். அந்த நாட்கள் என் பொற்காலம். அன்றன்று எத்தனை இடத்தில் வண்டி அணைந்தது, ஹாரன் அடித்தவர்கள் என்னை என்னென்ன சொல்லி அழைத்தார்கள், எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறித்துவைத்தேன். டெஸ்டில் பாஸானேன். தபாலில் லைசன்ஸ் வந்தது. உமா கேசரி கிண்டினாள். 'முடிந்தது' என்று டைரியில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டேன்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்தது. எழுந்தேன். எதற்கு என்று தெரியவில்லை. ஆசையாக வாங்கிய பழைய கார் கீழே உறை போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்திருக்கலாம். ஆனால் அதில் இன்னொரு பிரேக் இல்லை. 'பரவால்ல சார், நாளைக்குச் சரியாயிடும்' என்று சொல்ல யாரும் இல்லை. நாளைக்குச் சரியாவதற்கு என்னிடம் ஒன்றுமே மிச்சமில்லை. கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன்.

"என்ன சார், உங்க க்ளாஸ் முடிஞ்சுதல்லா?" என்றார் மஞ்சுநாத்.

"சும்மா, தேங்க்ஸ் சொல்லிட்டுப் போலாம்னு."

தேங்க்ஸ் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் பின் சீட்டில் ஏறிவிட்டேன். மறுநாளும் ஏறினேன். அதற்கு மறுநாள் மஞ்சுநாத் கேட்பதையே நிறுத்திவிட்டார்.

இப்போது ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர் கவிதா. வீட்டில் சமைத்து, எங்கள் பொம்மசந்திரா பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறவர். அவருடைய வேனை ஓட்டிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டார். "சீக்கிரம் நானே ஓட்டலன்னா ஆர்டர் வேற மெஸ்ஸுக்குப் போயிடும் சார்" என்றார். ஏற்கெனவே ஒருமுறை டெஸ்டில் ஃபெயிலாகியிருந்தார். இப்படிப்பட்டவருக்கு என் வழிகாட்டல் தேவை என்று நானே முடிவு செய்தேன்.

"கண்ணாடியப் பாருங்க. கிளட்ச்ச மெதுவா விடுங்க. மெதுவான்னா இவ்ளோ மெதுவா இல்ல."

"மஞ்சண்ணா, இவரு வாய்க்கு ஒரு பிரேக் வெச்சுத் தர மாட்டீங்களா?" என்றார் கவிதா. இருவரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். (பாராட்டு என்று நினைத்தேன்.)

அவருடைய டெஸ்ட் நாளன்று லீவு போட்டுவிட்டு நானும் போனேன். மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குக்கூட லீவு போடாதவன். மைதானத்தில் மஞ்சுநாத் இறங்கிக்கொள்ள, இன்ஸ்பெக்டர் முன் சீட்டில் ஏறினார். அடுத்து ஓட்ட வேண்டியவர் பின் சீட்டிலேயே காத்திருப்பது அங்கே வழக்கம். நான் இறங்கியிருக்க வேண்டும். பழக்க தோஷம், இறங்கவில்லை. வண்டி நகர்ந்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

கவிதா பிரமாதமாக ஓட்டினார். நான் மூச்சுகூட விடாமல் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தவர், எழுதாமல் என் பக்கம் திரும்பினார்.

"நெக்ஸ்ட் நீவா? பன்னி, பன்னி. டைம் இல்ல." அடுத்தது நீங்களா, வாங்க வாங்க என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார்.

நான் டெஸ்டுக்கு வந்தவன் இல்லை என்று சொன்னால், வெளியாள் எப்படி வண்டிக்குள் வந்தான் என்று கேட்பார். கவிதாவின் டெஸ்டே செல்லாமல் போகலாம். கண்ணாடியில் கவிதாவின் முகம் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. சரி, ஓட்டிக் காட்டிவிட்டு நழுவிவிடலாம். என்னிடம்தான் லைசன்ஸே இருக்கிறதே என்று இடம் மாறி உட்கார்ந்தேன்.

லைசன்ஸ் கைக்கு வந்த நாளிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வண்டி அணைந்தது. மறுபடி கிளப்பினேன். ஒரு குதி குதித்து அணைந்தது. அடுத்த முறை நன்றாகவே கிளம்பியது, பின்னோக்கி. அடையாளத்துக்கு நட்டிருந்த கம்பு ஒன்று பணிவாகச் சாய்ந்தது.

பின் சீட்டிலிருந்து கவிதாவின் குரல் வந்தது: "கிளட்ச்ச மெதுவா விடுங்க சார்."

"ஃபெயில்" என்றார் இன்ஸ்பெக்டர். "பேரு?"

சொன்னேன். தன் தாள்களில் தேடினார். இல்லை. வேறு வழியில்லாமல் பர்ஸிலிருந்து லைசன்ஸை எடுத்து நீட்டினேன். அவர் அதையும், என்னையும், கம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லைசன்ஸ் இருக்கில்ல? அப்புறம் இங்க யாக்கே பந்த்ரி? எதுக்கு வந்தீங்க?"

"இது வந்ததுக்கப்புறம், காலையில எழுந்தா எங்க போறதுன்னு தெரியல சார்."

ஓர் அரசு அதிகாரியிடம் நான் சொன்னவற்றிலேயே மிக உண்மையான வாக்கியம் அது. அவர் லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.

"வீட்ல கார் இருக்கா?"

"இருக்கு சார். உறை போட்டு வெச்சிருக்கேன்."

"தேவ்ரே!" என்று கடவுளைக் கூப்பிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "டெஸ்ட் வண்டியில வெளியாள். இந்தம்மாக்கும் மறுபடி டெஸ்ட் வெக்கணும்."

கவிதா இறங்கி அவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். "சார், இத்தன நாளா இவரு பின்னாடி உக்காந்து காதுல கத்திக்கிட்டே இருந்தாரு. அப்படியும் நான் இப்படி ஓட்டியிருக்கேன்னா, பொம்மசந்திரா போற ஓசூர் ரோட்டு டிராஃபிக்கெல்லாம் எனக்கு ஒண்ணுமே இல்ல சார். நீங்களே சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. என்னைப் போய்க் கம்பை நிமிர்த்தச் சொன்னார். நிமிர்த்திவிட்டுத் திரும்பியபோது, கவிதாவின் தாளில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.

மறுநாள் காலை காரின் உறையை எடுத்தேன். உமா முன் சீட்டில் ஏறி, கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, "எங்க போறோம்?" என்றாள். "எங்கயும் இல்ல" என்றேன். ஓட்டினேன். நன்றாக இருந்தது.

கவிதாவின் சாப்பாடு இப்போது எங்கள் தொழிற்சாலைக்கும் வருகிறது. 'லைசன்ஸோட ஃபெயிலான சாருக்கு இன்னொரு கரண்டி' என்றுதான் சாம்பார் விழுகிறது. வீட்டில் அந்த மரியாதையும் இல்லை. போன மாதம் மகள் நித்யா காலேஜின் கடைசிப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாள்.

"ஏங்க, அவ செருப்ப எடுத்து ஒளிச்சு வைங்க" என்றாள் உமா. "நாளைக்கு மறுபடியும் எக்ஸாம் ஹால்ல போய் உக்காந்துடப் போறா."

நித்யா மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உக்காந்தா ஃபெயிலாயிடுவேம்மா. அப்பா ரத்தம்."