மந்திரிப்பு ஞாயிறன்று ஸ்டியரிங் யார் கையில்

மனைவி ரூத்துக்கு ஓட்டுநர் உரிமம் தபாலில் வந்த அன்றே அமிர்தநாதன் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார். உலகமே தலைகீழாகச் சுழன்றாலும் சரி, நொய்யலில் ஆண்டு முழுதும் தெளிந்த நீர் ஓடினாலும் சரி, பங்குத் திருவிழா ஞாயிறன்று காரை ஓட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

காரணம் இருந்தது. அந்தப் பங்கில் திருவிழாத் திருப்பலி முடிந்ததும் வாகன மந்திரிப்பு நடக்கும். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோயில் வாசலைக் கடக்கும். பங்குத்தந்தை முதலில் வண்டியின் முகப்பில் தீர்த்தம் தெளிப்பார். பிறகு ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருப்பவரின் தலையில் கைவைத்துப் பெயர் சொல்லிச் செபிப்பார். அன்று எவர் பெயர் சொல்லப்பட்டதோ அவரே அந்த ஆண்டு முழுதும் அந்த வண்டிக்கு ஓட்டுநர். இது எங்கும் எழுதிவைக்கப்பட்ட சட்டமல்ல. ஆனால் குனியமுத்தூரிலிருந்து அந்த நகரக் கோயிலுக்குப் போகிறவர்களில் அதை மீறியவர் எவருமில்லை. கார் வாங்கிய நாள்முதல் அங்கே சொல்லப்பட்டுவந்த பெயர் அமிர்தநாதன்.

ரூத்தை நேரடியாக மறுக்க முடியாது. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் உயரும். சாதாரண நாளில் "சாப்பிட வாங்க" என்பவள், கோபம் வந்த நாளில் "சாப்பிட வாரீங்களாங்க" என்பாள். அதற்குமேலும் ஒரு 'ங்க' விழுந்தால் அன்றைய ரசத்தில் உப்பிருக்காது.

ஆகவே அவர் மறுக்கவில்லை. நிபந்தனை விதித்தார்.

"ஏனுங்க, இந்த வருசம் மந்திரிப்புக்கு நான் ஓட்டிட்டு வாரேனுங்க" என்றாள் ரூத்.

"தாராளமா ஓட்டு, அம்மணி. ஆனா ஓட்டறதுல என்ன இருக்குது? சொல்லிக்குடுத்தா நாயிகூட ஓட்டும். பராமரிப்பு இருக்குது பாரு, அங்கதான் ஆளு யாருன்னு தெரியும்."

"நாயிகூட ஓட்டுமுன்னா, நான் கத்துக்கப் போனப்ப எதுக்குங்க அத்தன நாளு சாமிகிட்ட முழங்கால் போட்டீங்க?"

"உன்ற பாதுகாப்புக்குத்தான்."

"என்றதுக்குங்களா, காரோடதுக்குங்களா?"

அமிர்தநாதன் பேச்சைத் திருப்பினார். "ஒண்ணு செய்யலாம். திருவிழா வரைக்கும் வண்டிய நீயே பாத்துக்கோ. எண்ணெ, தண்ணி, காத்து, எல்லாம் உன்ற பொறுப்பு. அன்னிக்குக் காலையில ஒரே சாவியில வண்டி கெளம்புச்சுன்னா நீ ஓட்டு. மக்கர் பண்ணுச்சுன்னா நான் ஓட்டறேன். நாயந்தானே?"

மதிற்சுவருக்கு அப்பாலிருந்து ஒரு தலை எழுந்தது. பக்கத்து வீட்டு நரசிம்மலு. பிறர் வீட்டு வழக்குகளில் அழைப்பில்லாமலே ஆஜராகும் நல்ல மனிதர்.

"அமிர்தண்ணா, ஒரு சந்தேகமுங்க. ரூத் சிஸ்டர் கையில மக்கர் பண்ணுனா நீங்க ஓட்டறீங்க. உங்க கையில மக்கர் பண்ணுச்சுன்னா?"

மோட்டார் பம்ப் கம்பெனியில் ஓய்வுபெறும்வரை ஸ்டோர்ஸைக் கட்டியாண்டவர் அமிர்தநாதன். அவர் கையில் ஓர் எந்திரம் மக்கர் செய்வதா? சிரித்தேவிட்டார். "என்ற கையிலயா? அப்படி ஆச்சுன்னா சாவிய அம்மணிகிட்டக் குடுத்துப்போட்டு நான் பக்கத்து சீட்டுல கையக் கட்டிட்டு உக்காந்துக்கறேன்."

"நான் சாட்சிங்க" என்று தலை இறங்கியது.

மறுநாளே பாடம் தொடங்கிற்று. கணவரின் திட்டம் எளியது: பம்புசெட்டின் மொழியில் பாடம் நடத்திப் பயமுறுத்திவிடுவது.

"காருன்னா என்ன? சக்கரம் வெச்ச பம்புசெட்டு. அவ்வளவுதான்."

"அப்பக் கரண்டு போனா நின்னுருமுங்களா?"

ஆனால் மறதியில் அவர் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. ரூத் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவள். ஒரு பொருளை அவளிடம் ஒப்படைத்தால் அது நோயாளி ஆகிவிடும். அவள் அதற்கு ரவுண்ட்ஸ் தொடங்கிவிடுவாள். விடிந்ததும் காரின் பானட் திறந்தது. ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தெர்மாமீட்டரைப் பார்க்கும் அதே சுருங்கிய கண்.

"ஏம்புள்ள, இத்தன வெள்ளனா எதுக்கு? ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து டயர் காத்தப் பாத்தாப் போதாதா?"

"ஓடிட்டு வந்த ஒடனே பாத்தாப் பிரஷர் ஏத்தித்தான் காட்டுமுங்க. காலையில வெறும் வயித்துல பாக்கோணும். மனுசனுக்கும் அப்படித்தானுங்க."

அடுத்து அவள் கண் எந்திரத்தின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் இருக்கும் வெள்ளை டப்பாவுக்குப் போனது. பச்சையாக இருக்கவேண்டியது பளிங்குபோல் இருந்தது.

"இதுல என்னத்தங்க ஊத்துனீங்க?"

அமிர்தநாதன் நிமிர்ந்து நின்றார். "சிறுவாணி."

"தண்ணிங்களா?"

"வெறும் தண்ணியா அது? ஊர்ல இருந்து வாரவனெல்லாம் பாட்டில்ல புடிச்சுட்டுப் போறான். அந்த ருசி வேற எந்தத் தண்ணிக்கு இருக்குது?"

"ருசி பாக்க ராடியேட்டருக்கு நாக்கு இருக்குதுங்களா? வெறும் தண்ணி ஊத்துனா உள்ள துருவேறும், சூடும் தாங்காதுங்க. இத்தன வருசம் குளுக்கோஸ் ஏத்தவேண்டிய எடத்துல இளநி ஏத்தியிருக்கறீங்க."

எந்திரம் ஆறியிருப்பதைத் தொட்டுப் பார்த்த பிறகே மூடியைத் திறந்தாள். பழையதை வடித்துப் புதிய கூலன்ட்டைக் குறியீட்டுக் கோடுவரை ஊற்றினாள். கண்ணாடி துடைக்கும் நீரில் அவர் கலந்துவைத்திருந்த துணி சோப்புத் தூளைக் கண்டுபிடித்தாள். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினாள். பாலக்காட்டு ரோட்டின் புழுதியில் பாதி அதற்குள் இருந்தது. நாளுக்கு நாள் காரின் இருமல் குறைந்தது. நாளுக்கு நாள் அமிர்தநாதனின் இருமல் கூடியது.

"வண்டிச் சத்தமே கேக்கறதில்லீங்களே, அண்ணா. வித்துப்போட்டீங்களா?" என்று மதிற்சுவர்த் தலை ஒருநாள் விசாரித்தது.

அந்தக் கேள்விதான் அவரைத் தவறான வழியில் இறக்கியது.

திருவிழாவுக்கு முந்தைய மாலை தேர்ப்பவனி. முழங்கால் வலி என்று சொல்லி அமிர்தநாதன் வீட்டில் தங்கினார். ரூத் போனதும் வலியும் போனது. ஸ்பேனருடன் பானட்டைத் திறந்து, பேட்டரியின் டெர்மினலைத் தளர்த்தி, வயரைச் சற்றே தூக்கிவைத்தார். திருட்டு அல்ல, சேதமல்ல. ஒரு நட்டு, அவ்வளவே. காலையில் அவள் சாவியைத் திருகுவாள், வண்டி மூச்சுவிடாது, அவர் வருத்தத்துடன் தலையசைத்து, பானட்டைத் திறந்து, ஒரு நிமிடத்தில் சரிசெய்து, ஓட்டுநர் இருக்கையில் அமர்வார். தன் திட்டத்தின் சிக்கனத்தை எண்ணி அவர் நிம்மதியாக உறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ஸ்பேனர். வாசலில் நரசிம்மலுவும், கையில் எலுமிச்சம்பழத்துடன் அவர் மனைவி பங்காரம்மாவும். தங்கள் வீட்டு வண்டிகளுக்கு ஆயுதபூஜையன்று வைப்பதை அடுத்த வீட்டு வண்டிக்குத் திருவிழாவன்று வைத்தால் கெட்டுவிடாது என்பது அம்மையாரின் துணிபு.

"எடு, அம்மணி. சாவி உன்ற கையில" என்றார் அமிர்தநாதன், தேனொழுக.

ரூத் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குப் பயமா இருக்குதுங்க. நீங்களே ஓட்டுங்க."

அமிர்தநாதன் சாவியை வாங்கிக்கொண்டார். வெற்றி தானாக நடந்துவந்து மடியில் உட்கார்ந்திருக்கிறது. இதற்காகவா முழங்காலை வலிக்கச் செய்தோம்?

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க. நல்ல நாளும் அதுவுமா உங்க கையாலயே தொடங்கட்டும்."

இப்போது அவசரமாகச் செய்யவேண்டியது ஒன்றுதான்: தளர்த்தியதை யாரும் அறியாமல் இறுக்குவது. "கெளம்பறதுக்கு முன்னால ஆயிலப் பாத்தர்றேன்" என்று பானட்டைத் தூக்கி, அதன் மறைவில் டெர்மினலைத் தொட்டார். அது இறுகியிருந்தது. அசைத்தார்; அசையவில்லை. ஸ்பேனரை வைத்தார், நட்டு நகர மறுத்தது. நேற்றுக் கழற்றியதாக நினைத்தது கனவோ? வயதாகிறது, வேறொன்றுமில்லை. அவர் பானட்டை மூடி, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, சாவியைத் திருகினார்.

எந்திரம் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. பற்றிக்கொள்ளவில்லை.

மறுபடி திருகினார். 'கிர்ர்ர்' என்று இழுத்து அடங்கிற்று.

"அமிர்தண்ணா" என்றார் நரசிம்மலு மெல்ல, "இது உங்க கைங்களா, சிஸ்டர் கைங்களா?"

"இருப்பா. உள்ள காத்து அடைச்சு ஏர்லாக் ஆயிருக்கும். பம்புல இப்படித்தான் ஆகும்."

"காருல எங்கீங்க கெணறு?"

"வேணுமுன்னா மேல கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாக்கலாங்களா?" என்றாள் ரூத், மிக்க அக்கறையுடன். "சிறுவாணித் தண்ணி இருக்குதுங்க."

பங்காரம்மா குனிந்து எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்தடியில் வைத்தார். அமிர்தநாதன் மூன்றாம்முறை திருகினார். பழத்துக்கும் பலனில்லை. திருப்பலிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பேட்டரியில் கைவைக்க வழியில்லை. அது சரியாக இருக்கிறது. சரியாக இருப்பது எப்படி என்று கேட்கவும் வழியில்லை; கேட்டால், சரியில்லாமல் ஆக்கியது யார் என்ற கேள்வி வரும். பேட்டரியைத் தவிரக் காரின் வேறெந்த நோயும் தமக்குத் தெரியாது என்பது அந்த வெள்ளைச் சட்டைக்குள் மெதுவாக வியர்வையாக இறங்கியது.

"நான் ஒருக்காப் பாக்கட்டுங்களா?" என்றாள் ரூத்.

அவர் எழுந்தார். அவள் அமர்ந்தாள். சேலையைச் சரிசெய்வதுபோல் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தாள். சிறு மூடியொன்று திறந்து மூடிய ஓசை கேட்டது. சாவியைத் திருகினாள். கார் கிளம்பியது; வார்டில் தூங்கி எழுந்த குழந்தை சிரிப்பதுபோல் அத்தனை மென்மையாக.

"சாட்சி சொல்லோணுங்களா?" என்றார் நரசிம்மலு.

"வேண்டாம்" என்றார் அமிர்தநாதன், பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்துகொண்டே. எலுமிச்சம்பழம் நசுங்கியது. அதுதான் வண்டியைக் கிளப்பியது என்று பங்காரம்மா வழியிலான கூற்று இன்றும் அத்தெருவில் வழங்குகிறது. அதற்கு ஆதாரம் போதாது.

கார் ஆத்துப்பாலத்தைத் தாண்டியது. உக்கடம் மேம்பாலத்தில் ஏறியதும் அவர் தொண்டையைக் கனைத்தார்.

"என்ன பண்ணுன, அம்மணி?"

"பெட்ரோல் பம்போட பியூஸ வெச்சேனுங்க. காலையில ரவுண்ட்ஸ் போறப்ப எடுத்துப் பையில போட்டிருந்தேன்."

"காருல பம்பு இருக்குதா?"

"டேங்குக்குள்ள இருக்குதுங்க. பெட்ரோல எஞ்சினுக்கு ஏத்தறது அதுதானுங்க."

அமிர்தநாதன் இதைச் சிறிதுநேரம் வாய்க்குள் வைத்திருந்து மெதுவாக விழுங்கினார்.

"டெர்மினலு?"

"அதையும் அப்பத்தான் பாத்தேன். லூசா இருந்துச்சு. இறுக்கிப்போட்டேனுங்க."

"தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலியே?"

"கேட்டா நீங்க 'நான் இல்ல'ன்னு சொல்லியிருப்பீங்க. திருவிழா நாளுல உங்களப் பொய் சொல்ல வெச்சா அந்தப் பாவம் எனக்குத்தானுங்க."

அவள் கியரை மாற்றினாள். அது மாறியதே தெரியவில்லை. அவர் வேறெங்கும் பார்க்க இயலாமல் சன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே பெரியகுளம் காலை வெயிலில் விரிந்துகிடந்தது. நீரின் நடுவே வெள்ளையாகச் சில பறவைகள். இத்தனை ஆண்டுகள் இந்த வழியே ஓட்டியவர் முன்னால் போகும் பஸ்ஸின் பின்பக்கத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

"பறவையெல்லாம் இருக்குது, புள்ள."

"பாருங்க. நான் ரோட்டப் பாத்துக்கறேன். சாயந்தரம் சூலூருக்குத் தங்கச்சி ஷைலா ஊட்டுக்குப் போலாங்களா? அவ கால்ல ஆபரேசன் ஆனதுல இருந்து யாராச்சும் வரமாட்டாங்களான்னு வாசலப் பாத்துட்டே இருக்கறாளாம்."

அவள் தங்கையைப் பற்றிப் பலமுறை சொல்லியிருந்தாள். ஒவ்வொருமுறையும் அவர் வண்டிக்கு ஓய்வு வேண்டும் என்றிருந்தார். உரிமம் எதற்காக எடுக்கப்பட்டது என்பது அவருக்கு அந்தப் பாலத்தின் மீதுதான் விளங்கிற்று.

"போலாம்" என்றார். "வழியில பழம் வாங்கிக்கலாம். நான் மடியில வெச்சுக்கறேன்."

திருப்பலி முடிந்து வண்டிகள் வரிசைகட்டின. அவர்கள் முறை வந்தது. பங்குத்தந்தை ஃபாதர் பிராங்க் முகப்பில் தீர்த்தம் தெளித்தார். ஓட்டுநர் பக்கம் வந்து, யார் அமர்ந்திருப்பதென்று பார்த்து ஒரு கணம் வியந்து, ரூத்தின் தலையில் கைவைத்தார். "உம் மகள் ரூத்துக்கு நல்ல பார்வையும் நீண்ட பொறுமையும் தந்தருளும்" என்று செபம் மணிபோல் ஒலித்தது. அமிர்தநாதனே முதலில் 'ஆமென்' என்றார், மனமார்ந்தே சொன்னார்.

பிறகு ஃபாதர் காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தார். அமிர்தநாதனுக்குள் நம்பிக்கை துளிர்த்தது. பக்கத்து இருக்கைக்கும் ஏதேனும் ஒரு சிறு செபம் இருக்கக்கூடும். அவர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கண்ணை மூடி, நெற்றியைக் காட்டினார்.

"அய்யா, கண்ணாடிய ஏத்திக்குங்க" என்றார் ஃபாதர் அன்போடு. "பின் சக்கரத்துக்குத் தெளிக்கோணும். உங்க வெள்ளைச் சட்ட நனஞ்சுரும்."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு பொத்தானைத் தேடினார். கை போய்ச் சேர்வதற்குள் கண்ணாடி தானே ஏறிவிட்டது. ஓட்டுநர் பக்கத்தில் அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது.